மூன்றாவது தட்டு

அருகன் துணை

பெரிய காஞ்சிபுரம்,
11.8.1969

சிரஞ்சீவி நேமிநாதனுக்கு உன் சித்தப்பா அப்பாண்டை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நான் சுகம். இந்த வீட்டில் மற்ற இரண்டு பேருடைய சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் நான் அன்றைக்கே சொன்னதுதான். உனக்குப் பெண் பார்க்கத் திருப்புட்குழிக்குப் போனபோது, உன் அப்பா காதில், "அண்ணா, பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா பஜ்ஜித் தட்டை வைக்கிறதுக்கு முன்னால ஒரு தரம் மோந்து பாத்துச்சு, கவனிச்சியா?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டார். அந்தக் கூடத்தில் இருந்த நாற்பது பேரில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஏழாம் வகுப்போடு நிற்காமல் இருந்திருந்தால் போலீஸ் இலாகாவில் எனக்கென்று ஒரு ஜீப் நின்றிருக்கும்.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, தீபாவளிக்கு வந்து தயாவதியையும் குழந்தை பிராமியையும் பிலாய்க்கே அழைத்துப் போகிறேன் என்று நீ எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. சந்தோஷம். ஆனால் தூர தேசத்தில் குடித்தனம் வைப்பதற்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை சிலதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் சித்தி போன பிறகு ஆறு வருஷம் நெல் மண்டிப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டு வயிறு கெட்டவன் நான். நீ பிலாய் போனதிலிருந்து முன்னறையில் இருந்துகொண்டு உன் மனைவி கையால் சாப்பிடுகிறேன். கண்ணில் பட்டதை மறைத்தால் அது நன்றியில்லாத செயல்.

விஷயம் அடுப்பில் ஆரம்பித்தது. நம் ஜைனக் குடும்பத்தில் மண்ணுக்குள் விளைகிற வெங்காயம், உருளைக்கிழங்கு எதுவும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அதற்கு முந்தின வாரம் சனிக்கிழமை தயாவதி எனக்கு வைத்த தோசை, நடுவில் புடைத்துக்கொண்டு இருந்தது. பிரித்தேன். உள்ளே மஞ்சளாக, மெத்தென்று ஒரு மசாலா; கடுகும் கடலைப்பருப்பும் மினுக்கின. முதல் தோசையில் சந்தேகம் வந்தது. சந்தேகத்தைத் தெளிவாக்க இரண்டாவது. மூன்றாவதில் உறுதியாயிற்று, உருளைக்கிழங்கேதான். நாலாவது சாட்சிக்காக. உருளைக்கிழங்கு ருசி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தரகு விஷயமாக நாலு ஊர் போகிறவன்.

"இது இன்னாம்மா உள்ள?" என்று கேட்டேன். "துன்னுட்டுச் சொல்லுங்க மாமா, ருசி எப்படி இருக்குது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பதில் சொல்லாத இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தைக்குத் தலை வாரி, குடையை எடுத்துக்கொண்டு, "கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வரேன் மாமா" என்று கிளம்புகிறாள். திரும்பும்போது கையில் பை இல்லை. கடைத்தெருவுக்குப் போய் ஒன்றும் வாங்காமல் வருகிற பொம்பளையை நான் கண்டதில்லை. ஆகவே முந்தாநாளுக்கு முன்தினம் பின்னாலேயே போனேன்.

அவள் நுழைந்தது கமலாட்சி கபே. அதில் ஒரு பேமிலி ரூம் உண்டு, வாசலில் பச்சைத் திரை. தாயும் பெண்ணும் திரைக்குள்ளே போனார்கள். என்னைக் கண்டதும் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து கும்பிட்டார். நான் கண்ணைக் காட்டி உட்கார வைத்தேன். பேப்பரை விரித்துக்கொண்டு, யாருக்கும் சந்தேகம் வராமல் இருப்பதற்காக இரண்டு பிளேட் ரவா தோசை சொன்னேன். சர்வர் சிட்டிபாபு திரைக்குள் தட்டுகளைக் கொண்டு போனான். எண்ணினேன். மூன்று தட்டு. உள்ளே போனவர்கள் இரண்டு பேர்.

நேமி, நான் மிகைப்படுத்தி எழுதுகிறவன் அல்ல. திரைக்குக் கீழே பார்த்தேன். ஒரு ஜதை பூட்ஸ். ஆண்பிள்ளை பூட்ஸ், பழுப்பு நிறம், பாலிஷ் போட்டது.

பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பி, ராத்திரி சாப்பிடுவதில்லை என்ற நம் நியமத்தை மட்டும் அவள் விடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நீயே யோசி.

இப்படிக்கு,
அப்பாண்டை

*

பெரிய காஞ்சிபுரம்,
28.8.1969

சிரஞ்சீவி நேமிக்கு ஆசிகள்.

உன் பதில் மண்டி விலாசத்துக்கே வந்து சேர்ந்தது. மை இரண்டு இடத்தில் சொட்டி இருந்தது. கலங்காதே, இங்கே நான் இருக்கிறேன்.

அவன் யார், எந்த ஊர், என்ன வயசு என்று கேட்டிருக்கிறாய். முகம் திரைக்கு உள்ளே அல்லவா இருக்கிறது? பூட்ஸை வைத்துச் சொன்னால் முப்பது, முப்பத்திரண்டு. உத்தியோகஸ்தன். ரேடியோவில் பாட்டு வந்தபோது வலது கால் தாளம் போட்டது. கவலை இல்லாதவன் கால் அது.

இன்னொரு துப்பும் கிடைத்திருக்கிறது. ஓட்டலுக்குப் போய் வந்த மறுநாள் காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் தயாவதி ஒரு நோட்டில் எழுதுகிறாள். நான் எட்டிப் பார்த்தால் மூடி, முந்தானைக்குள் செருகிக்கொள்கிறாள். நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள் என்பது வரை கண்டுபிடித்துவிட்டேன். எடுத்துப் பார்க்கலாம் என்று போன நேரத்தில் பிராமி வந்து, "தாத்தா, பசிக்குதா? அம்மா மதியத்துக்கு வெச்சிருக்கிற வடை அந்தப் பக்கம் இருக்குது" என்றாள். வந்த காரியம் தெரியக்கூடாதே என்று வடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது வேறு ஒரு புது மாதிரி வடை. வெங்காயம் போட்டது போலவே மணம், வெங்காயம் கண்ணில் தென்படவில்லை. எவ்வளவு மறைக்கத் தெரிந்திருக்கிறது பார்.

அவளுக்கு நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய் போலிருக்கிறது. தபால்காரர் வரும் நேரத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள். நேற்று, "ரெண்டு வாரமா கடுதாசியே இல்லியே மாமா, அவருக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். ரயில் தாமதம் என்று சொல்லி வைத்தேன்.

என் யோசனை இது. குவார்ட்டர்ஸை அவசரப்பட்டு ஏற்றுக்கொள்ளாதே. இப்போதைக்கு எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அவளும் குழந்தையும் இங்கேயே இருந்தால் என் பார்வையில் இருப்பார்கள். சமையல், சாப்பாடு எல்லாம் நடக்கிறபடி நடக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

அப்பாண்டை

*

பெரிய காஞ்சிபுரம்,
22.9.1969

அன்புள்ள நேமிநாதனுக்கு,

இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றுதான் நான் எழுதினேன். குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒன்றாம் தேதிக்குள் குழந்தையோடு திருப்புட்குழிக்கு உன் அப்பா வீட்டுக்கே போய்விடு, காரணம் உனக்கே தெரியும் என்று அவளுக்கு நீ கடிதம் போடுவாய் என்று நான் நினைக்கவில்லை. நான் முன்கூட்டிச் சொல்லாமல் நடந்த காரியம் இது ஒன்றுதான்.

கடிதம் வியாழக்கிழமை வந்தது. அவள் வாசலில் நின்றபடியே படித்தாள். மடித்தாள். உள்ளே போய் எனக்கு இலை போட்டாள். கீரைக் கூட்டு, மாங்காய்ப் பச்சடி, மோர்க்குழம்பு. எதிலும் உப்பு கூடவோ குறையவோ இல்லை. பரிமாறிவிட்டு, "காரணம் எனக்குத் தெரியுமாம் மாமா. எனக்குத் தெரியலியே. உங்களுக்கு ஏதாச்சும் எழுதினாரா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். குழந்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா இன்னைக்கு ஒரு தரம்கூட 'இன்னும் போடு'ன்னு கேக்கலம்மா" என்று சொல்லிற்று.

அன்றிலிருந்து பரணில் இருந்த டிரங்குப் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. அவள் அழவில்லை. அழுதால் ஏதாவது சமாதானம் சொல்லிச் சமாளித்திருப்பேன், எனக்கு அந்த சாமர்த்தியம் உண்டு. புடவையை மடிக்கிறாள், பாத்திரத்தைத் தேய்க்கிறாள், நேரத்துக்கு எனக்குச் சோறு போடுகிறாள். பக்கத்து வீட்டில் தறி நிற்கிற நேரம் பார்த்தால் இந்த வீட்டில் சத்தமே இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் கடைத்தெருவுக்குப் போகவில்லை. நான்தான் போனேன். ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று கமலாட்சி கபேக்குள் நுழைந்து சிட்டிபாபுவைக் கூப்பிட்டேன். பேமிலி ரூமில் அந்த அம்மாவுடன் உட்காருகிற உத்தியோகஸ்தன் யார் என்று மிரட்டிக் கேட்டேன். அவன் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா நயினாரே, அந்தம்மாவும் பாப்பாவுந்தான். வேற யாரு வராங்க?"

அப்படியானால் மூன்றாவது தட்டு யாருக்கு என்று கேட்டேன்.

"தட்டுக்கு ஒரு ஆள்னு கணக்கு வெச்சா, நீங்க ஒருத்தரே ரெண்டு பிளேட் துன்றீங்களே, உங்க கூட குந்திக்கினு இருக்கிற இன்னொரு நயினார் எங்கன்னு நான் கேட்டனா?"

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு அவனே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் என் கை எதுவும் கிடையாது.

அவளும் குழந்தையும் சாப்பிடுவது வெறும் நெய்த் தோசை. மூன்றாவது தட்டில் மசால் தோசை வரும். அதை அவள் வாயில் வைப்பதில்லை. பிரித்துப் பார்ப்பாள். கிழங்கை இரண்டு விரலால் நசுக்கி, எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்ப்பாள். மோந்து பார்ப்பாள். பருப்பை முதலில் போடுவதா கடுகு வெடித்த பிறகா என்று சரக்கு மாஸ்டரிடம் கேட்டு வரச் சொல்லுவாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தன் தோசையைச் சாப்பிடுவாள். மசால் தோசைத் தட்டோடு நம் ஜனங்கள் யாராவது பார்த்துவிட்டால் ஊரெல்லாம் பேச்சாகிவிடுமே, அதற்குத்தான் திரை. "துன்றதுக்கு இல்ல நயினாரே, அது அந்தம்மாவுக்குப் பாடம்" என்றான். "வூட்டுக்காரருக்கு இதே ருசி வேணுமாம், கிழங்கு கூடாதாம். எங்க மாஸ்டரே வாழக்காய வேக வெச்சுப் பாருங்கன்னு சொல்லி அனுப்பினாரு."

வீட்டுக்கு வந்தேன். அவள் கிணற்றடியில் இருந்தாள். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் உன் கடிதத்தின் ஒரு வரியை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். "இங்கே மெஸ்ஸில் கிழங்கில்லாமல் ஒரு வேளையும் இல்லை, வேறு வழி இல்லாமல் பழகினேன், இப்போது அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை, உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது" என்று வைகாசியில் எழுதினாயாமே. அடுத்த பக்கத்திலிருந்து எல்லாம் சமையல். வாழைக்காய் மசாலா, நாலாவது தடவை சரியாக வந்தது. வெங்காயத்துக்குப் பதில் முட்டைக்கோஸ், பெருங்காயத்தை நெய்யில் பொரித்தால் மணம் சரி. நான் நாலு தோசை சாப்பிட்ட தேதியைக் குறித்து, "மாமா கிழங்கு என்றே நினைத்துவிட்டார், அவரும் நினைப்பார்" என்று எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில், பிலாய் போய்ச் சேர்ந்ததும் முதல் ஏழு நாளைக்கு உனக்கு என்னென்ன செய்வது என்று ஒரு பட்டியல். அதில் மூன்று நாளுக்கு மேல் படிக்க என் கண்ணாடி உதவவில்லை.

ஆகையால் மூன்றாவது தட்டு விஷயம் இப்படித் தீர்ந்துவிட்டது. துப்புத் துலக்கியது நான்தான் என்பதை நீ மறக்கக்கூடாது. பூட்ஸைப் பற்றி நீ அதிகமாக யோசிக்க வேண்டாம். ஓட்டல் என்றால் நாலு பேர் வருவார்கள், போவார்கள்.

இதைத் தந்தியாகக் கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். ஜன்னலில் இருந்தவர் வாசகம் என்ன என்று கேட்டார். இன்லண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ உடனே அவளுக்குத் தந்தி கொடு. குவார்ட்டர்ஸ் வேண்டும் என்று மறுபடி எழுதிக் கேள். காலில் விழுந்தாவது கேள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

உனக்கும் அவளுக்கும் குழந்தைக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
அப்பாண்டை

ஒட்டுகிற மடிப்பில் கொஞ்சம் இடம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். கமலாட்சி கபேயில் அந்தப் பச்சைத் திரை தரை வரைக்கும் தொங்குகிறது, நேமி. குழந்தையின் காலைக்கூட நான் பார்க்கவில்லை. பூட்ஸ் இல்லை. உன் குவார்ட்டர்ஸ் கடிதம் வந்த வாரத்தில் நானாக எழுதியது அது. அவளிடம் நீ சொல்ல வேண்டாம், நானே சொல்லுகிறேன். அவள் இனி எனக்குச் சோறு போடாவிட்டாலும் சரி, நீ வந்து பிலாய்க்கு அழைத்துக்கொண்டு போ.