படுத்துப் பார்க்காத நாள்

அடையாள அட்டையைத் தேடித் தகரப் பெட்டியைக் கிளறியபோது உன் கொக்கி கையில் தட்டுப்பட்டது. துரு ஏறவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் இன்னும் டக்கென்று வாய் திறக்கிறது. அப்படியே பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீ இந்தியாவில் கண்ணை மூடிவிட்டாய் என்று உன் மகன் எழுதி மூன்று மாதமாகிறது. இன்றைக்குத்தான் உனக்கு எழுதக் கை வருகிறது.

தெமோதரைப் பக்கம் நம் தேயிலைத் தோட்டத்தில் நீ ஃபேக்டரி ஃபிட்டர், நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிளாக்கர். நாலு பேர் முன்னால் "கிளாக்கரய்யா" என்பாய், தனியாக இருந்தால் "டேய்". மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் உனக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்து, ஊருக்குப் போகும்போது தன் கிளைடரையும் உன்னிடமே விட்டுப் போனார். துணிச் சிறகு, அலுமினியக் குழாய், பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. உன் உடம்பில் கட்டிய வாரைச் சிறகோடு பிணைப்பது இந்தக் கொக்கி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மானாப்புல் மலைக்குத் தூக்கிப் போவோம். நீ அவசரப்பட்டதே இல்லை. புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்று எதிரே வருகிறதா என்று பார்ப்பாய். காற்று முறுக்கிக்கொண்டு வந்தால், மூச்சு வாங்க ஏறிய மலையைப் பேசாமல் இறங்கிவிடுவாய். நான் திட்டுவேன், நீ சிரிப்பாய்.

எல்லாம் சரியென்றால் கடைசியாகப் படுத்துப் பார்ப்பாய். நான் சிறகின் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். நீ கொக்கியை மாட்டிக் குப்புறத் தொங்குவாய். "படுத்துப் பாத்தாத்தான்டா தெரியும், சிறகுல தொங்குறோமா, சும்மா நிக்கிறோமான்னு." கொக்கியைப் பார்த்து "சரி" சொல்வது என் வேலை. எனக்கிருந்தது அந்த ஒரே வேலை.

அன்று தோட்டத்துத் துரை நீ பறப்பதைப் பார்க்க வந்தார். தோட்டமே மலையேறியிருந்தது. நீ கொக்கியை மாட்டி நின்றபோது துரை கூப்பிட்டார். கொக்கியைக் கழற்றிவிட்டு ஓடினாய், கும்பிட்டுவிட்டுத் திரும்பினாய். சிறகைத் தூக்கிப் படுக்கப் போனாய். துரை நாலடி தள்ளி நின்றார். நம் அப்பன்மார் துரை காலில் விழுந்து கெஞ்சியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இனி ஒருவனும் விழக்கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியவன் நான்.

"டேய், தொர முன்னால குப்புற விழாத. பாக்குறவங்க என்னா நெனப்பாங்க?"

"பாக்காமப் போகக் கூடாதுடா."

"அப்பவே மாட்டியாச்சில்ல. எல்லாம் சரி, போ."

கொக்கியை நான் பார்க்கவே இல்லை. என் கண் கூட்டத்தின் மேல் இருந்தது.

என் சொல்லை நம்பி ஓடினாய். சிறகு எழும்பியது. கொக்கி மாட்டியிருக்கவில்லை. நீ கம்பை இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு தொங்கினாய். வேடிக்கை காட்டுகிறாய் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. தேயிலைக்கு மேலே போனபிறகு உன் பிடி விட்டுப்போனது.

பதுளை ஆஸ்பத்திரியில் இடுப்பில் கட்டோடு கிடந்தாய். துரை விசாரிக்க வந்தார். நீ என் பக்கம் திரும்பாமலே, "நாந்தாங்க மறந்துட்டேன்" என்றாய். அதைக் காகிதத்தில் எழுதியவன் நான். 'ஃபிட்டரின் கவனக்குறைவு' என்று குண்டு குண்டாக எழுதினேன். என் வேலை போய்விடுமே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நீ இந்தியாவுக்கே திரும்பிப் போகிறேன் என்று பேர் கொடுத்தாய்.

தெமோதரை ஸ்டேஷனில் உன்னை ஏற்றிப்போகும் கோச்சி வந்து நின்றது. நொண்டிக்கொண்டே வந்து கொக்கியை என் கையில் வைத்தாய். "வச்சுக்க. எவனாவது மாட்டுனா, பாத்துட்டு சொல்லு." கோபமா, பாசமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. குனிந்தும்விட்டேன். பிளாட்பாரத்தில் ஆபீஸ் ஆட்கள் நின்றார்கள். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தேன்.

இன்று கதவைச் சாத்திவிட்டு, கொக்கியைத் தரையில் வைத்து, அதன் முன்னால் குப்புற விழுந்தேன். முழங்கால் வலித்ததே தவிர, வேறு கஷ்டம் ஒன்றும் இல்லை. பார்க்க ஆளில்லாத இடத்தில் எனக்கு எல்லாமே சுலபம்.

அதனால்தான் எழுந்து உட்கார்ந்து இதை எழுதினேன். கவனக்குறைவு ஃபிட்டருடையது அல்ல, கிளாக்கருடையது. இதையும் கொக்கியையும் உன் மகனுக்குத் தபாலில் அனுப்புகிறேன். அவன் பார்க்கட்டும்.