தேய்ந்த பிரேக் ஷூவும் என் சிரிப்பும்

சிதம்பரம்,
செவ்வாய் மாலை

மஸ்கட்டில் இருக்கும் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வீட்டு வானரம் செல்வா எழுதுவது. உங்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். திறக்கவில்லை, பேனா மூடியைத்தான் திறந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் பொன்னுரங்கம் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில், அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். போன ஏப்ரல் ஒன்றாம் தேதி ஸ்கூட்டி கடலில் போய்விட்டது என்று உங்களை அலறவிட்டேனே, அந்த மாதிரி இல்லை அப்பா. இது நிஜம்.

போன வாரம் திங்கட்கிழமை அம்மா ஸ்கூட்டியில் கடலூர் போகும்போது பி.முட்லூரில் பிரேக் பிடிக்கவில்லை. ரோட்டைக் கடந்த தில்லையம்மாள் என்ற கருவாடு விற்கும் பாட்டி மேல் வண்டி மோதிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அம்மா மேல் கேஸ். தில்லையம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கேஸின் சட்டப் பிரிவே மாறிவிடுமாம். வாசலில் பைக் நின்றாலே போலீஸா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன்.

மஞ்சக்குப்பத்தில் காயத்ரி வக்கீலைப் பார்த்தோம். ரிப்பேர் சரியில்லை என்று காட்டினால் அம்மா கேஸுக்கு உதவும், கடை மேல் நுகர்வோர் ஆணையத்தில் தனியாக மனுவும் போடலாம் என்றார். பில் கேட்டார். பிரேக் பார்த்தது நம் சார்லஸ் மாமா கடையில். "கூடப் பொறந்தவன்கிட்ட பில்லு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமாவோ வண்டியைத் தொடவே இல்லை என்கிறார். யாராவது பார்த்தார்களா என்று வக்கீல் கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்பா, நான் பார்த்தேன். பிரேக் பார்த்த அன்று கடையில் மாமாவின் தொப்பையைக் கிண்டல் செய்ய வீடியோ எடுத்தேன். அதில் அவர் தேய்ந்த பிரேக் ஷூவையே திரும்ப மாட்டுகிறார். "மாமா, இது ரிப்பேரா, பேருக்கு ரிப்பேரா?" என்கிறேன். "வாய மூட்றா மாப்ள, ஒரு வாரம் ஓடும். புதுசு வந்ததும் மாத்திடுறேன். அக்காகிட்ட சொல்லாத" என்கிறார். நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நேற்று மாமா வந்து, "அத அழிச்சுட்றா மாப்ள, கடைய மூடிடுவாங்க" என்று என் கையைப் பிடித்தார்.

அழிக்கவில்லை. மெமரி கார்டில் ஒரு பிரதி எடுத்து ஊறுகாய் பாட்டில் அடியில் ஒட்டியிருக்கிறேன். கொடு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், வக்கீலிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் அம்மாவிடம் பேசிவிடுங்கள் அப்பா. அந்தச் சிரிப்பை அம்மா தனியாகக் கேட்கக் கூடாது.

இந்தத் தடவை விளையாடாத உங்கள் மகன்,
செந்தமிழ்செல்வன்