மதர் காலையில் சாப்பிடாத காரணம்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நல்லது கெட்டதுக்கு மட்டும் எழுதும் நீ, இந்தத் தடவை இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். எனக்கு முழங்கால் மட்டும் மக்கர் செய்கிறது.

நீ கேட்ட மதரின் வரலாற்றுப் புத்தகத்தை நான் அனுப்பப் போவதில்லை. படித்துப் பார்த்தேன், குமட்டிக்கொண்டு வந்தது. நாதியற்ற நோயாளிகளுக்காக இந்த இல்லத்தைக் கட்டின நம் மதர், அட்டையில் பவுடர் பூசின மாதிரி சிரிக்கிறார். லோஷன் பட்டு நகமெல்லாம் கறுத்துப்போன அந்தக் கை எங்கே, படத்தில் இருக்கிற வெண்ணெய்க் கை எங்கே! உள்ளே இன்னும் மோசம். ஏழைகளின் புண்ணிலிருந்து அவருக்கு ரோஜா மணம் வீசியதாம். முப்பது வருடம் பக்கத்தில் வாளி பிடித்து நின்றவள் நான். எனக்கு ஒருநாளும் வீசவில்லை. சீழ் நாறியது. புழு வைத்த காலில் டர்பன்டைன் ஊற்றி, வெளியே வருகிற புழுக்களை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போடுவோம். இதில் ரோஜா எங்கிருந்து வந்தது, கருமம்!

மாமியாரின் முதுகுப் புண்ணைத் துடைக்கப் போனால் வாந்தி வருகிறது, எல்லோரும் சொல்கிற அந்த ரோஜா மணம் எனக்கும் வர வேண்டிக்கொள், வராவிட்டால் அவரை உங்கள் இல்லத்திலேயே சேர்த்துவிடுகிறேன், நான் பாவி என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகுதான் அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இத்தனை எரிச்சல்.

மதருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கச் சாட்சி விசாரிக்கிறார்கள். போன மாதம் ஒரு ஃபாதர் வந்தார். மூக்கில் கைக்குட்டை. வராந்தாவோடு சரி, வார்டுக்குள் கால் வைக்கவில்லை. "மதர் தினமும் காலையில உபவாசம் இருந்தாங்களாமே, பாவிகளுக்காகவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாப்பிட்டால் வாந்தி எடுப்பார், அதனால் சாப்பிடவில்லை என்றேன். அதுவரை எழுதிக்கொண்டே வந்த ஃபாதரின் பேனா அங்கே நின்றுவிட்டது.

உண்மைதான். கட்டு அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "இன்னைக்கும் காபி வீணாப் போச்சுடி" என்பார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து கட்டுவார். பிறகு வெறும் வயிற்றோடு வரப் பழகிக்கொண்டார். அப்போதும் குமட்டல் நிற்கவில்லை. புண் வைத்திருக்கிறவர்கள் மனம் நோகும், யாரிடமும் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"இதெல்லாம் எழுதினா நல்லாவாம்மா இருக்கும்?" என்று ஃபாதர் நான் சொன்னதை அடித்துவிட்டு, உபவாசம் என்றே எழுதி நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை. பட்டம் தள்ளிப்போனால் என் தலையில்தான் விடியும் என்று சிஸ்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

ஆனால் அவர்களை மட்டும் சொல்லி என்ன? நீ இங்கே வேலைக்கு வந்த ஐந்தாம் நாள், ஒரு பெரியவரின் காலைப் பார்த்து அவர் மேலேயே வாந்தி எடுத்தாய். "நீயெல்லாம் ஒரு மனுஷியா? மதரைப் பாரு, முகம் சுளிக்கிறாங்களா?" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். கல்லுக்குப் பின்னாலிருந்து மதர் வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். நீ அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். "அவளக் கூப்பிடு, நானே அவகிட்ட சொல்றேன்" என்று மதர் இரண்டு தடவை சொன்னார். பெரிய இவள் மாதிரி நான் உனக்கு அதை எழுதவேயில்லை. பத்தொன்பது வருடம். புத்தகத்தில் இருக்கிற பொய்யை முதலில் சொன்னவளே நான்தான். மற்றவர்களைவிட என்னை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மாமியாரை இங்கே அனுப்பாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை. கொதித்து ஆறின உப்புத் தண்ணீரில் துடை. வாந்தி வந்தால் அவர் கண்ணில் படாமல் போய் எடுத்துவிட்டுத் திரும்பி வா. நீ பாவி இல்லை.

பதினெட்டாம் தேதியிலிருந்து எனக்கு லீவு. உன் வீட்டு வாசலை நான் இதுவரை மிதித்ததில்லை. நீ கூப்பிடும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. நாலு நாள் வந்து மாமியாருக்கு நான் கட்டுப் போடுகிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும். வரலாமா என்று ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்கும்,
அக்கா