சமதரையில் இடப்பக்கம் போகும் பந்து

மாப்ள,

மூன்று நாளாக என் கை நாறுகிறது. சோப்பு போட்டாகிவிட்டது, எலுமிச்சம்பழம் தேய்த்தாகிவிட்டது, போகவில்லை. வியாழக்கிழமை ஜீப்பில் ஏறிய டூரிஸ்ட் அம்மா ஒருவர், "ஏதாச்சும் செத்துக் கிடக்குதா பாருங்க" என்றார். "எங்க டீமுங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் காலை பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டால் நிஜமாகவே நம் டீம்தான். கடைசி ஆட்டத்தில் போட்ட ஈரச் சட்டை, சாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு உரச்சாக்கில் திணித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நடுநடுவே தின்று துப்பிய ஆரஞ்சுச் சக்கை. ஒரு வாரமாக மூட்டம், வெயில் எட்டிப் பார்க்கவில்லை. மஞ்சள் சட்டை பச்சைப் பூஞ்சை பிடித்து வழவழ என்று கையில் ஒட்டியது. 

நீ இருந்தபோது ஆட்டம் முடிந்ததும் குழாயடியில் வரிசையாக நிற்க வைப்பாய். சட்டையை அலசிப் பிழியாதவன் என் ஜீப்பில் ஏற முடியாது. "நாறுனா நாறட்டும் மாப்ள, எதிர் டீம்காரன் கிட்ட வரமாட்டான்" என்று நான் கிண்டல் பண்ணுவேன். நீ சிரிக்காமல், "நம்மாளும் பாஸ் குடுக்க மாட்டான் பாய்" என்பாய்.

நீ போன பிறகு வந்த இந்த சீசனைப் பற்றி எழுதவே அருவருப்பாக இருக்கிறது. ஒரு ஆட்டம் ஜெயிக்கவில்லை. ஒன்றே ஒன்று டிரா. அதுவும் எதிர் டீம் வேன் வழியில் நின்றுபோய் எட்டு பேரோடு வந்து ஆடியதால். எட்டு பேரைக்கூட அடிக்கத் துப்பில்லை. ஆளாளுக்கு ஒரு சாக்கு. ஷூ சரியில்லையாம். ரெஃப்ரி சரியில்லையாம். கேப்டன் செல்வம் இருக்கிறானே, காப்பிப் பழம் உரிக்கும் நம் பல்ப்பர் ஹவுஸ் செல்வம், அவன் சொல்கிறான்: "சேலத்துல வெயிலுங்க பாய். மூச்சே வரலீங்க." "வாயை மூடுனா வரும் கண்ணு" என்றேன்.

ஆனால் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். உனக்குப் பிறகு எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாம் முதன்முதலாக சேலத்தில் ஆடிய நாள் ஞாபகம் இருக்கிறதா? அடித்த பந்தெல்லாம் கோலுக்கு இடப்பக்கம் வெளியே போனது. ஒன்று இரண்டு இல்லை, எல்லாம். சுற்றி நின்றவர்கள், "மலையிலிருந்து காட்டெருமையை இறக்கியிருக்காங்க" என்று சிரித்தார்கள். இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடிக்க, நீ மட்டும் ஒரு பந்தைத் தரையில் வைத்துக் குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாய், இது உருளவே மாட்டேங்குது" என்றாய்.

மலைமேல் நம் வெள்ளக்கடை கிரவுண்டில் கோல் ஒன்றுதான். எதிர்ப்பக்கம் பாறை. கோலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் பூராவும் சரிவு. அதில் ஆடி வளர்ந்த கால், பந்தைக் கொஞ்சம் இடப்பக்கம் மேட்டுக்குத் தள்ளித்தான் அடிக்கும். பந்து தானாக இறங்கிக் கோலுக்கு வரும். சமதரையில் யார் அதை இறக்கிவிடுவது? போன பந்து போனதுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விடியும்போதே கிளம்பச் சொன்னாய். சேலத்துக்கு வெளியே வறண்டு கிடக்கும் ஏரிக்குள் இறங்கி, ஆட்டத்துக்கு முன் இரண்டு மணி நேரம் கோலடிக்க வைத்தாய். கால் இறக்குவது என்று அதற்கு ஒரு பேரும் வைத்தாய். நான் தூக்கக் கலக்கத்தில் திட்டுவேன். "மலை இறங்குனா காது அடைக்குது, வாயைத் தொறந்தாச் செரியாப் போவுது. காலுக்கு வாய் இல்ல பாய், அதுக்கு நேரந்தான் வேணும்" என்பாய். அந்த வருடம் கப் வாங்கினோம்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் உன் வீட்டைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ நீ பேசவில்லை. "கால் இறக்காம கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயராத" என்றாய். தலையாட்டினேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? காலைச் சவாரியை விட மனசில்லாமல் டூரிஸ்டுகளுக்கு மலைமேல் படகு ஏரியையும் பகோடா பாயிண்டையும் காட்டிவிட்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் பசங்களைக் கொண்டுபோய் கேட்டில் கொட்டினேன். அப்புறம் கோட்டுக்கு வெளியே நின்று, "யாருடா இடப்பக்கம் கல்யாணம் வெச்சிருக்கீங்க, எல்லாப் பந்தும் அங்கயே போவுது" என்று கிண்டல் வேறு. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சாக்கைவிட நாறுவது நான்தான், மாப்ள.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் ஷெட்டில் கூடினார்கள். அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். கொடுக்காவிட்டால் நீ சேர்த்த டீம் அதோடு சரி. செல்வம் தலை குனிந்தபடி, "வேண்டாங்க. அசிங்கப்பட்டது போதும்" என்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"குத்தம் என்னுது" என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்கள். முழுவதும் சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை. செல்வம் என்னை ஒரு பார்வை பார்த்தான். "தெரிஞ்சுட்டேதான் பார்த்துட்டு நின்னீங்களா?"

 ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சேலத்து வறண்ட ஏரிக்கு வாருங்கள், பிறகு முடிவு பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இன்று ஏழு பேர் வந்தார்கள். மற்றவர்கள் போனைக்கூட எடுக்கவில்லை. இரண்டு குச்சி நட்டு நடுவில் நானே நின்றேன். கோல்கீப்பர் வரவில்லை. ஒரு மணி நேரம் எல்லாப் பந்தும் இடப்பக்கம்தான். ஓடி ஓடிப் பொறுக்கினேன். இப்படி ஒரு கேவலமான ஆட்டத்தை மாடுகூட நின்று பார்க்காது. செல்வம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமெல்லாம் காலில் இருந்தது. வெயில் ஏறிய நேரத்தில் அவன் அடித்த ஒரு பந்து வளையாமல் நேரே வந்து என் நெஞ்சில் விழுந்தது. மல்லாந்துவிட்டேன்.

ஓடி வந்தவன் மேலே நின்று பார்த்தான். "ஏனுங்க பாய், நொம்பப் பட்டிருச்சுங்களா?"

"இன்னொருக்கா அடி சாமி" என்றேன்.

மூச்சை இழுத்தால் இன்னும் வலிக்கிறது. மருந்து தடவ மனசில்லை. நாளைக் காலையில் செல்வமும் நானும் பெயர் கொடுக்கப் போகிறோம். ஜெயிப்பீர்களா என்று கேட்காதே. ஒருவன் கால்தான் இறங்கியிருக்கிறது, இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள்.