டேவிட் போட்ட கோடு

அன்புள்ள டேவிட் மச்சான்,

உன் மகள் ஷீபாவின் துப்பாக்கி வலப்பக்கம் இழுக்கிறது. இத்தனை மாதம் குறி பார்க்கும் சைட்டைத் திருகித் திருகிச் சமாளித்திருக்கிறாள். இனி திருக இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மாநிலத் துப்பாக்கி சுடும் அணித் தேர்வு. அந்தக் குழலைப் பூட்டியது நீ. அடுத்த வாரமே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நம் பம்மல் ஒர்க்‌ஷாப்பில் எந்தத் துப்பாக்கியைத் தொடவும் நான் இப்படி யோசித்ததில்லை. சுடும்போது அவள் கன்னம், தோட்டாவை அடைத்துப் பிடிக்கும் போல்ட்டுக்கு நாலு விரல் தள்ளித்தானே இருக்கும்? பூட்டு சரியில்லாமல் பின்னால் வெடித்தால் அவள் முகத்தில்தான். தப்பு உன் கையில் என்றால் அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

முதலில் துப்பாக்கியின் மரக்கட்டையைச் சந்தேகப்பட்டேன். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் விட்டு இழுத்தேன், தடையில்லாமல் ஓடியது. திருகுகளும் சரி. வேறு சைட் மாட்டியும் வலப்பக்கம்தான். கடைசியில் போல்ட்டை உருவிவிட்டு, குழல் வாயில் நேர்க்கம்பியை விட்டேன். பின்னால் போல்ட் ஓடும் துளைக்கு நடுவில் வரவேண்டிய கம்பி ஓரமாக எட்டிப் பார்த்தது. குழலே கோணல் மச்சான்.

குழலைக் கழற்ற வேண்டும் என்றேன். ஷீபா குறுக்கே வந்தாள்.

“வேணாம் மாமா. அப்பா கையால டைட் பண்ணது. அதையும் கழட்டிட்டா எனக்கு இன்னா கீது?”

“கோணலாக்கீதும்மா. இத வச்சிகினு நீ சுடறத என்னால பாக்க முடியாது.”

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளே துப்பாக்கியை வைஸில் வைத்து இறுக்கிப் பிடித்தாள்.

நீ வெட்டிய மரையில் ஒரு குறை இல்லை. ஆனால் குழல் திருகி உட்காரும் இரும்புக்கூடான ஆக்‌ஷனின் முகப்பில், ஒரு பக்கமாக, காய்ந்த சந்தனப் பொட்டு. அதில் ஒட்டியிருந்த ஒரு இரும்புச் சீவல்தான் குழலை ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது.

ஆயுத பூஜையன்று நீ டீ குடிக்கப் போயிருந்தபோது, திறந்து கிடந்த ஆக்‌ஷனுக்குப் பொட்டு வைத்தது நான். “இன்னா மச்சான், இரும்புக்கும் மேக்கப்பா? தொடச்சிட்டுக் குடு” என்று சிரித்தாய். வெளியே துடைத்தேன். உள்ளே வைத்ததை மறந்துவிட்டேன். நீ என்னை நம்பிப் பூட்டினாய்.

உன் வழக்கப்படி, பூட்டியதும் குழலையும் ஆக்‌ஷனையும் சேர்த்து ஒரு கோடு கீறியிருந்தாயே, ஞாபகமிருக்கிறதா? சுத்தம் செய்து மறுபடி இறுக்கினேன். கம்பி நடுவில் வந்தது. கோட்டின் இரண்டு பாதியும் மட்டும் சேரவில்லை. நடுவில் இருந்த பொட்டு போனதால் குழல் மயிரிழை தாண்டி நின்றது.

“அப்பா கோடு தப்பா மாமா?”

“இல்லம்மா. நடுவுல நான் வச்ச பொட்டு இருந்திச்சி.”

எல்லாம் சொன்னேன். துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். மூன்று நாளாகப் போனும் எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் என்னை அடித்திருப்பாயா, சிரித்திருப்பாயா?

இனி உள்ளே விரல் விட்டுத் தடவாமல் எந்தத் துப்பாக்கியையும் பூட்டமாட்டேன். உன் கோட்டை அழிக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அவள் கூப்பிடாவிட்டாலும், துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கடைசி வரிசையில் நிற்பேன்.

மறுபடி ‘மாமா’ என்று கூப்பிடுவாளா என்று காத்திருக்கும்,
உன் மச்சான் முரளி