விடுப்புக் கடிதத்தில் எழுதிய காரணம்

10 அக்டோபர் 1961, செவ்வாய்

இரண்டு வருடம் முன்பு புற்றுநோய் என்று என் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். இப்போது இடது விரையில் ஒரு கட்டி. அதே நோய்தான் அங்கே இறங்கியிருக்கும் என்கிறார் மதுரை டாக்டர். சிறுநீரகத்து நோய் இப்படி ஓர் இடத்துக்குப் பரவி அவர் பார்த்ததே இல்லையாம். சொல்லும்போது முகம் மலர்ந்துபோயிற்று. வெள்ளிக்கிழமை அறுத்து எடுக்கிறார்கள். வேறெங்கும் போயிருக்கிறதா என்று பிறகு பார்ப்பார்களாம்.

விடுப்புக் கடிதத்தில் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதினால், ‘காரணம் தெளிவாக இல்லை’ என்று தலைமையாசிரியர் திருப்பிவிடுவார். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர். அதனால் இன்று உறுப்பின் பெயர் உட்பட எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது.

“இதையெல்லாமா சார் எழுதுவாங்க?”

“நீங்கதான தெளிவா வேணும்பீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே தலைமையாசிரியர் கேட்டார்: “கூட யாரு வாராங்க?”

“யாருமில்ல. சம்சாரத்துக்கு மலைப்பாதை பஸ்ல ஏறுனாலே மயக்கம்.”

“வியாழக்கிழமை வெள்ளனே மொத பஸ்ஸுக்கு வந்திருங்க. நானும் வாரேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க வீண் சோலி?”

“பேசாம வாங்க சார்.”

மலையிறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மதுரை வரை இந்த மனிதரை எப்படி வெறுத்துக்கொண்டே போவது என்று தெரியவில்லை. பாதியில் இளகிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. நாற்காலியை விட்டாயிற்று. பஸ்ஸில் ஜன்னலோரத்தை மட்டும் அவருக்கு விடமாட்டேன்.