காப்பியில் சர்க்கரை

கார்த்திகை 9, செவ்வாய்

சம்பா வயலில் பயிர் மஞ்சளடித்து நின்றது. சுற்றிலும் விவசாயிகள். வேளாண்மை அலுவலராக வந்த நாள் முதல், தெரியாவிட்டாலும் ஏதாவது மருந்துப் பெயர் சொல்லித் தப்பித்திருக்கிறேன். இன்று முடியவில்லை.

"என்னன்னு தெரியலைங்க. ஒரு தூரு பிடுங்கிக் கொடுங்க, ஆராய்ச்சி நிலையத்துல காட்டிட்டுச் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் சேற்றோடு பிடுங்கிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

அதே நிமிர்வில் மாமியாரிடமும் சொல்லிவிட்டேன். "அத்தை, எனக்குக் காப்பியில சர்க்கரையைக் குறைச்சுப் போடுங்க." எட்டு வருடமாக நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்த காப்பி.

அத்தை என்னையே பார்த்தார். "உனக்குப் பிடிக்குதேன்னுதான் இவ்வளவு போடுறேன். எனக்கும் தொண்டையில இறங்கறதில்ல."

பயிருக்கு என்ன நோயோ, இன்னும் தெரியாது. தூக்கம் வருகிறது.